பச்சைப் புண்ணும் பச்சை மீனும்

மத்தியானத் தட்டில் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு அவித்த முட்டை. என் மனைவியின் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா முட்டையைக் கவனமாக உரித்து, பார்க்க வந்த பேரனின் கையில் வைத்தார். அவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்து நாலு நாள். "எனக்குக் கூடாது ராசா, கிரந்தி" என்றார். அடுத்த கட்டிலின் முட்டை மகளுக்குப் போனது. அந்த வரிசையில் ஆறு கட்டில், ஆறும் தையல் போட்ட உடம்புகள். அன்றைக்குப் பரிமாறிய ஆறு முட்டைகளில் ஒன்றுதான் தையல் போட்ட உடம்புக்குள் போனது. அது என் மனைவி சாப்பிட்டது. அதுவும் மாமி போத்தலில் சுடுதண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில், களவாக.

நான் மன்னார்த் தீவுக்காரன். தலைமன்னார் தொடக்கம் பேசாலை, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை வரைக்கும் தீவைக் குறுக்கே நடந்தால் எங்கேயும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறவர்கள்கூட மீனை விடாத கரை இது. அப்படிப்பட்ட கரையில், ஒரு பெண்ணின் வயிற்றைக் கீறித் தைத்த மறுநாளே அவளுடைய தட்டிலிருந்து முதலில் எடுத்துவிடுவது மீனைத்தான். பிறகு முட்டை. பிறகு தக்காளி, தேசிக்காய், கத்தரிக்காய். இவையெல்லாம் கிரந்தி, புண்ணைப் பழுதாக்கும் என்பது நம்பிக்கை. மிஞ்சுவது வெள்ளைக் கஞ்சி. தையல் வெட்டும் வரைக்கும் கஞ்சி. தையல் வெட்டின பிறகும் "உள்ளுக்குப் பச்சைப் புண்தானே" என்று இன்னும் ஒரு மாதம் கஞ்சி. இதற்குப் பெயர் பத்தியம். இதைச் செய்கிறவர்கள் நோயாளியின் எதிரிகள் அல்ல. அவளுக்காக இரவு இரவாகக் கதிரையில் இருந்து கண் முழிக்கிற தாயும் மாமியும் அக்காவும்தான். அதனால்தான் இந்தப் பழக்கத்தோடு சண்டை பிடிப்பது கஷ்டம்.

சண்டை பிடிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மாமி தன் வழக்கை வைத்த விதத்திலேயே அதை எடுத்துக்கொள்வோம், அதைவிடப் பலமாக யாரும் வைக்க முடியாது. "தம்பி, நான் ரெண்டு ஒப்பிரேசன்காரருக்குப் பத்தியம் பாத்துக் குடுத்தனான். ஒருத்தருக்கும் புண் பழுதாகேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழாம் நாள் இறால் திண்டு சீழ் கட்டினது உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். அந்தப் பிள்ளை இறால் தின்றதும் உண்மை, புண் சீழ் கட்டியதும் உண்மை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எங்கள் கரையில் ஒரு நாளும் மீன் இல்லாமல் உலை இறங்குவதில்லை. அப்படியென்றால் சீழ் கட்டிய எந்தப் புண்ணுக்கு முன்னாலும் ஒரு மீன் சட்டி இருந்தே தீரும். ஆறின புண்ணுக்கு முன்னாலும் அதே சட்டி இருந்திருக்கும். ஆறின புண்ணை யாரும் விசாரிப்பதில்லை. பழுதாகின புண்ணுக்கு மட்டும் வழக்கு நடக்கிறது, வழக்கில் எப்போதும் மீனே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அந்தப் பிள்ளை அன்றைக்குக் கிணற்றுத் தண்ணீரும் குடித்தாள், தலைமயிரும் வாரினாள். அவற்றை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

சந்தேகம் இருந்தால் கிரந்திப் பட்டியலை ஒரு வாட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வரிசையில் நான் கேட்டேன். பார்வை நேரத்தில் ஆம்பிளைக்கு வேறு என்ன வேலை. விடத்தல்தீவு அம்மாவுக்குச் சூரையும் கும்பிளாவும் இறாலும் நண்டும் கூடாது, விளைமீன் "பரவாயில்லை". வன்னி வயற்பக்கத்திலிருந்து வந்தவருக்கு எந்தக் கடல்மீனும் கூடாது, குளத்து மீன் என்றால் யோசிக்கலாம். இன்னொருவருக்குக் கத்தரிக்காய்தான் பெரிய பகை. முட்டையில் வெள்ளைக்கரு கூடாது என்று ஒருவர், மஞ்சள்கருதான் கூடாது என்று இன்னொருவர். கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் இதற்கே கரப்பான் என்று பெயர், பட்டியலும் கொஞ்சம் வேறு. எல்லா மனிதருக்கும் தோலும் தசையும் ஒன்றுதான். புண்ணைப் பழுதாக்கும் சாப்பாடு என்று ஒன்று உண்மையில் இருந்திருந்தால், இவ்வளவு காலத்தில் நாலு கட்டிலுக்காவது ஒரே பட்டியல் வந்திருக்கும்.

எங்கள் முன்னோரை முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் கீறின புண் சீழ் கட்டுவதுதான் வழமை, கட்டாமல் ஆறுவதுதான் அதிசயம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் சத்திரசிகிச்சைப் பாடநூலை 'இரண வைத்தியம்' என்று தமிழில் கொண்டுவந்தது 1867-இல். அதே ஆண்டில்தான் ஸ்கொட்லாந்தில் ஜோசப் லிஸ்டர், புண் பழுதாவதற்குக் கிருமியே காரணம், கார்போலிக் அமிலத்தால் அதைத் தடுக்கலாம் என்று எழுதத் தொடங்கினார். அதற்கு முந்திய உலகத்தில், கண்ணுக்குத் தெரியாத கிருமியை எங்கள் பாட்டி எப்படிச் சந்தேகிப்பாள்? கண்ணுக்குத் தெரிந்த இறாலைச் சந்தேகித்தாள். அவள் காலத்துக்கு அது நியாயமான ஊகம். இன்றைக்குக் கையுறை போட்ட மிஸ் கிருமிநீக்கிய துணியால் மருந்து கட்டிவிட்டுப் போன பிறகும், அதே கட்டிலில் இருந்துகொண்டு அதே ஊகத்தைச் சொல்வதுதான் நியாயமில்லை.

இன்னொன்று. எங்கள் கரையில் புண் என்பது ஆஸ்பத்திரியில் மட்டும் நடக்கிற சங்கதியா? தூண்டில் கையில் ஏறும். வலை இழுத்த விரல் அறுபடும். வலையில் கழற்றும்போது ஓரா முள் குத்தினால் விறுவிறென்று கடுக்கும். திருக்கை முள் காலில் ஏறினால் பெரிய ஆம்பிளையும் கத்துவான். அவன் வீட்டுக்கு வந்து அன்றிரவு என்ன சாப்பிடுகிறான்? குத்தின ஓராவையேதான், சொதி வைத்து. அவனுக்குப் பத்தியம் வைக்கிறவர் யாரும் இல்லை, அவன் நாலாம் நாள் திரும்பக் கடலுக்குப் போகவேண்டியவன். கிரந்திச் சட்டம் முழுப்பலத்தோடு இறங்குவது வீட்டோடு கிடக்கிற உடம்பின் மேல்தான், அதிலும் பெண் உடம்பின் மேல். நான் கண்ட அளவில் இதில் ஒரு விதிவிலக்கும் இல்லை. எங்கள் வரிசையில் ஒரு நண்டு வலைக்காரரின் மனைவி இருந்தார். அவர் பிடிக்கிற நீலக்கால் நண்டு கொம்பனிக்குப் போய், தகரத்தில் அடைபட்டு, பிறநாட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகிறது. மனைவிக்கு அவர் கொண்டுவந்தது பிளாஸ்க்கில் அரிசிக்கஞ்சியும் ஒரு பெட்டி மாரி பிஸ்கட்டும்.

எங்கள் பத்தியத்துக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பிள்ளை பெற்றவளுக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? பால்சுறா வறை. காரல் மீன் சொதி. மிளகும் சீரகமும் உள்ளியும் இடித்துப் போட்ட சரக்குக் கறி. சுறா பால் சுரக்கச் செய்யுமோ இல்லையோ, பிரசவத்தில் இரத்தமும் சத்தும் இழந்த உடம்புக்கு மீனைக் கொடு என்று சொன்னவள் எங்கள் பாட்டிதான். பிரசவத்திலும் புண் உண்டு, தையலும் உண்டு. அப்போது மீன் கிரந்தியாகவில்லை. ஆனால் அதே பிள்ளை சிசேரியனில் பிறந்தால் வீட்டில் மாநாடு நடக்கும். பாலுக்குச் சுறா கொடுக்கவேண்டும், புண்ணுக்குச் சுறா கொடுக்கக்கூடாது. தாய்வழி ஒரு கட்சி, தகப்பன்வழி ஒரு கட்சி. கடைசியில் வெல்வது பயம்தான். ஆக, வயிறு கீறி, இரத்தம் போய், பசித்த குழந்தைக்குப் பாலும் கொடுக்கவேண்டிய அந்தப் பெண், சுகப்பிரசவம் கண்ட தன் தாய்க்குக் கிடைத்த சாப்பாட்டில் பாதிகூடக் கிடைக்காமல் கிடக்கிறாள். இதை மரபு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரபின் நல்ல பாதியை வெட்டி எறிந்துவிட்டு, பயந்த பாதியை மட்டும் வைத்திருக்கிறோம்.

கஞ்சி என்ன செய்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். உடம்பில் ஒரு பெரிய காயம் பட்டால், உடம்பு தன் தசையைத் தானே கரைத்துப் புரதத்தை எடுத்துச் செலவு செய்யும். கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை அளந்து இதை 1930-களிலேயே கிளாஸ்கோவில் டேவிட் கத்பேர்ட்சன் காட்டிவிட்டார். அந்தச் செலவை ஈடுகட்டச் சாப்பிடவேண்டிய புரதம், நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது போசணை வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. என் மனைவி 50 கிலோ. அவளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு கைப்பிடி அரிசி போட்ட கஞ்சிக் கோப்பையில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம். நாளுக்கு 4 கோப்பை குடித்தாலும் 8 கிராம். மீதியை உடம்பு எங்கே எடுக்கும்? தொடையில், தோளில், எழும்பி நடக்கவேண்டிய கால்களில். "ஒப்பிரேசனுக்குப் பிறகு ஆள் பாதியாப் போச்சு" என்று சொல்லி அதைக் கத்தியின் மேல் போடுகிறோம். பாதியாக்கியதில் எங்கள் கஞ்சிக்கும் பங்கு உண்டு. முள் நீக்கின மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. இரண்டு நேரம் மீன், ஒரு முட்டை, ஒரு கோப்பை அவித்த பயறு, கொஞ்சம் பருப்பு. கணக்கு முடிந்தது. இதற்குப் பணக்காரனாகவும் இருக்கத் தேவையில்லை. விலைகூடின மீனைவிடச் சூடையில் சத்துக் குறைவு என்று யார் சொன்னது?

தேசிக்காயை விலக்குவது அடுத்த அநியாயம். புளிப்புப் புண்ணை இளக்கும் என்கிறார்கள். 1939-இல் போஸ்டனில் ஜோன் கிராண்டன் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் விற்றமின் சி இல்லாத சாப்பாட்டை மாதக்கணக்காகத் தானே சாப்பிட்டு, தன் முதுகிலேயே கீறிப் பார்த்தார். மூன்றாம் மாதத்துக் கீறல் ஆறியது. ஆறாம் மாதத்துக் கீறல் தோலுக்கு அடியில் ஒட்டவே இல்லை. விற்றமின் சி ஏற்றின பிறகு, சில நாட்களில் ஒட்டியது. சதையைச் சதையோடு கட்டுகிற நாரை உடம்பு நெய்வதற்கு அந்தச் சத்து வேண்டும். பழைய கப்பல்காரர்களுக்கு ஸ்கேவி நோய் வந்தபோது, எப்போதோ ஆறின தழும்புகள்கூடத் திரும்ப வாய் திறந்தன. நாலு கிழமைக் கஞ்சியில் யாருக்கும் ஸ்கேவி வராது, உண்மைதான். ஆனால் தேசிக்காய், தக்காளி, கொய்யா, முருங்கையிலை என்று புண்ணை ஒட்டவைக்கிற சாமான்களைப் பொறுக்கிப் பொறுக்கி விலக்கிவிட்டு, "ஏன் இன்னும் ஆறேல்லை" என்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதில் பயனில்லை.

எதிர்க்கட்சியின் கையில் ஒரு துண்டு உண்மை உண்டு, அதை ஒளிக்கக்கூடாது. சூரை, கும்பிளா போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டுவைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு சிவக்கும், தடிக்கும், அரிக்கும். ஐஸ் இல்லாத காலத்து ஆட்கள் இதைக் கண்டார்கள், சூரையைக் கிரந்தி என்றார்கள். இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாத உடம்புகளும் உண்டு. அவர்கள் சுகதேகியாக இருக்கும்போதே அது தெரிந்திருக்கும். ஆறுகிற புண்ணும் இயல்பாகவே அரிக்கும். இந்த மூன்று அரிப்பையும் ஒன்றாகக் குழைத்து, அதற்குச் சீழ் என்று பெயர் வைத்ததுதான் பிழை. அதேபோல, குடலில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு எப்போது, எதில் தொடங்கலாம் என்பது சேர்ஜன் சொல்லவேண்டியது. சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதக் கணக்கு வேறு. சீனி வருத்தக்காரருக்குப் புண் ஆறாவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது இரத்தத்துச் சீனி. ஆனால் பார்க்க வருகிற சனம் கொண்டுவருவது இனிப்புப் போட்ட மாப்பால் பேணியும் திராட்சைப் பழமும். வாட்டில் "சத்தான சாப்பாடு குடுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். சத்து என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அகராதி. ஆகையால், "மீன் குடுக்கலாமா, எந்த நாளிலிருந்து?" என்று பெயர் சொல்லிக் கேட்பதே நல்லது. நான் கேட்டேன். "ஏன் குடுக்காம இருக்கிறீங்கள்?" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

மறுபக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது, படித்த கூட்டம். ஆஸ்பத்திரியே சாப்பாடு தருகிறது, வீட்டுச் சாப்பாடு கிருமி, தேவையில்லாத வேலை என்பார்கள். தட்டில் இருப்பது சத்துத்தான். ஆனால் மயக்க மருந்தின் கசப்பு நாக்கில் இருக்கும்போது, பழகாத கையின் சாப்பாடு உள்ளே இறங்காது. இறங்காத புரதம் தட்டோடு குப்பைக்குத்தான் போகும். கிருமி விசயத்தில் மட்டும் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

ஆஸ்பத்திரி பெருநிலப்பரப்பில். வீட்டிலிருந்து தாம்போதி தாண்டி பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். முதல் நாள் விடிய எழும்பித் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்து, கொதிக்கக் கொதிக்கக் கரியரில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானம் மூடியைத் திறந்தபோது மேலே நுரை. மணத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. மாமி ஒன்றும் பேசவில்லை, பேசாமல் கஞ்சிப் பிளாஸ்க்கைத் திறந்தார். அந்த மௌனம் எந்தத் திட்டையும்விடப் பெரிது. மூன்றாம் நாளிலிருந்து வழியை மாற்றினேன். கரையில் விடிய வாங்கின விளைமீனை வெட்டிக் கழுவி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையின் குசினியில் சமைத்தேன். பத்தியத்தில் நல்லது எதையும் நான் விடவில்லை. மிளகாய்த் தூள் இல்லை. மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாக இடித்தது, நாலு பல்லு உள்ளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள். இரண்டாம் பாலில் இவை வெந்து வாசம் வந்ததும் மீன் துண்டு. மீன் வெள்ளையாகத் திரும்பினதும் முதற்பால், ஒரு கொதி வருமுன் ஒரு பிடி முருங்கையிலை, உடனே அடுப்பிலிருந்து இறக்குவது. தேசிப்புளி இறக்கின பிறகு. அடுப்பில் விட்டால் கசக்கும், சத்தும் போகும். குழையக் காய்ச்சின புழுங்கலரிசிச் சோறு நாலு கரண்டி. பத்து நிமிச நடையில் வாட்டு.

ஆம்பிளை சமைத்துக் கொண்டுவருகிறான் என்பதற்கு முதல் இரண்டு நாளும் வரிசை முழுக்கச் சிரிப்பு. பெண்கள் வாட்டில் இரவில் நிற்க ஆம்பிளைக்கு இடமில்லை, உடுப்பு மாற்ற, கழுவத் துடைக்க உதவ முடியாது. மத்தியானம் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று "எப்படி இருக்கு" என்று கேட்கிறதுதான் புருசன்மாருக்கு விட்ட வேலை. எனக்கு அது போதவில்லை. அந்த இரண்டு வேளையும் என் கையில் ஒரு சட்டி இருந்தது.

மீனை முள் பார்த்துப் பிய்த்துச் சோற்றுக்குள் வைத்தேன். புது வழியின் முதல் நாள் அவள் மூன்று வாய். இரண்டாம் நாள் பாதி. நாலாம் நாள் சட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மாமி ஒவ்வொரு நாளும் மருந்து கட்டும் நேரத்தில் மிஸ்ஸின் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார், சீழுக்காக. தையல் வெட்டின நாளும் பார்த்தார். கோடு காய்ந்து, ஓரம் ஒட்டிக் கிடந்தது. பார்த்துவிட்டு, "விளைமீன் கிரந்தி இல்லைத்தானே, அதாலதான்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா அன்றைக்குத் தன் முட்டையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பேரன் வந்திருந்தான். பாதியைப் பிட்டு அவனுக்குக் கொடுத்தார்.

என் மனைவி சொதியின் கடைசி மிடறைக் குடித்துவிட்டுச் சட்டியை நீட்டினாள். "உப்புக் கொஞ்சம் காணாது. நாளைக்கு ஓரா வந்தா வாங்குங்கோ. தலையையும் போடுங்கோ."

மாமி என்னைப் பார்த்தார். நான் சட்டியைப் பார்த்தேன்.

"ஓரா கிரந்தி" என்றார் மாமி.

"வாங்குங்கோ" என்றாள் அவள்.